பழவேற்காடு போனவங்க, இன்னும் மனசை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்க

தண்டையார்பேட்டை வாசி:
டச்சுக் கல்லறைதான். வாசலில் நிற்கும் கல் எலும்புக்கூடுகள் எல்லார் போட்டோவிலும் இருக்கின்றன, அதை விடுங்கள். உள்ளே காவலுக்கு இருந்த பெரியவர் ஒரு கல்லறை மேல் குனிந்து, செதுக்கிய எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டே போனார். "இதைப் படிப்பீங்களா ஐயா?" என்றேன். "படிக்கத் தெரியாது. ஆனா எந்த எழுத்து உடைஞ்சாலும் எனக்குத் தெரிஞ்சிடும்" என்றார். அதற்குள் வெளியே மச்சான் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டான்.

ராயபுரம் ஸ்டேஷன் பக்கம்:
எல்லாரும் கல்லறையோடு திரும்பிவிடுகிறீர்கள். கெல்ட்ரியா கோட்டைக்கு யாராவது போனீர்களா? நான் தேடிக்கொண்டு போனேன். முள்ளும் புதரும் மண்மேடும்தான் கண்ணில் பட்டது. பந்து தேடி வந்த பையனிடம் "தம்பி, கோட்டை எங்கப்பா?" என்று கேட்டால், "இதாண்ணா, நீங்க நிக்கிறீங்களே" என்கிறான்! 1613ல் கட்டிய கோட்டை. 1690ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம். இங்கே வெடிமருந்து செய்தார்கள். துணியோடு சேர்த்து மனிதர்களையும் அடிமைகளாக பட்டேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பலேற்றினார்கள். பூட்ஸ் போட்டவனுக்குப் பேர் வெட்டிய கல் இருக்கிறது, ஏற்றி அனுப்பப்பட்ட நம்ம ஆளுக்கு ஒரு பலகைகூட இல்லை. அழகு, அமைதி என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

காசிமேடு:
நான் சண்டைக்கு வரலை. பள்ளிவாசலில் நிழல் கடிகாரம் இருக்கிறதே, அதைக் காட்டிய பாயிடம் என் போனை நீட்டி, "இது வேற டைம் சொல்லுதே பாய்" என்றேன். சிரித்தார். "உங்க போன் மிர்சாபூர் பக்கத்து நேரம் சொல்லுது தம்பி. இது எங்க ஊர் சூரியன்." வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்திய நேரம், உத்தரப் பிரதேசத்து மிர்சாபூர் பக்கம் போகிற 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு. பழவேற்காடு அதற்கு மேற்கே இரண்டு பாகைக்குக் கொஞ்சம் கூட. பாகைக்கு 4 நிமிஷம் என்றால் சுமார் 9 நிமிஷம் பின்னால். மாசத்துக்கு மாசம் அதுவும் கொஞ்சம் கூடிக் குறையும். காசிமேட்டிலும் அதே கதைதான், இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது.

திருவொற்றியூர் அண்ணன்:
நானும் போனேன், நல்லா இருந்தது. இனி போகிறவர்கள் கவனிக்க. கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடித்து பொன்னேரியில் இறங்கி பஸ் ஏறுங்கள். வண்டியில் போனால் மீஞ்சூர் வழியில் கண்டெய்னர் லாரிகளிடம் ஜாக்கிரதை. காலையிலேயே போங்கள், பத்து மணிக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும். பூநாரை பார்க்கணும் என்றால் குளிர்காலம். முக்கியமா, யாராவது படகு காட்டி "வாங்க சார், ஒரு ரவுண்டு" என்றால் ஆசைப்பட்டு ஏறாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். ஏரி பார்க்கச் சாது மாதிரி இருக்கும், முகத்துவாரம் பக்கம் இழுப்பு வேறு. குழந்தைகளோடு போனால் கரையிலேயே உட்கார்ந்து வறுத்த இறால் சாப்பிடுங்கள். தண்ணி பாட்டில் கையோடு. செருப்புக்குப் பதில் ஷூ, கோட்டைப் பக்கம் முள். அப்புறம் ஆதிநாராயணப் பெருமாள் கோயிலை விட்டுடாதீங்க, செம்புராங்கல்லில் கட்டியது.

தண்டையார்பேட்டை வாசி:
அண்ணா, யாரும் வழி கேட்கலையே! ராயபுரத்துக்காரருக்கு: நீங்கள் சொன்ன அடிமைக் கப்பல் விஷயம் சரி. ஆனால் நான் அழகு, அமைதி என்று எங்கே எழுதினேன்? அந்தக் கல்லைக் காப்பாற்றுகிற பெரியவரும் நம்ம ஆள்தான்.