மறு: மைம் – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

பேசாமல் உடம்பாலேயே நடித்துக் காட்டும் மைம் கலையின் பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் மார்சோவை நினைத்துக்கொள்வதில் தொடங்கிய நம் குழு இழை, ஆளுக்கொரு மேடைக் கலைஞரைப் பற்றிச் சொல்லிச் சொல்லி, இப்போது 'சரி, மைமுக்குத் தமிழில் என்ன?' என்ற இடத்தில் வந்து நிற்கிறது. நான் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். அவர்கள் மேடையில் என்ன செய்தார்கள் என்று பார்க்காமல் சொல் தேடினால் அகராதிக்கு ஒரு பதிவு கூடும், அவ்வளவுதான். யாரும் எடுத்து ஆள மாட்டார்கள்.

> 'மௌன நாடகம்' என்று ஏற்கெனவே இருக்கிறதே, அதில் என்ன குறை?

வாய் என்ன செய்யவில்லை என்பதை மட்டும் அது சொல்கிறது. உடம்பு என்ன செய்கிறது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஊமை நாடகம், ஊமைக்கூத்து, மூகாபிநயம் எல்லாமே இந்த வழியில் வந்தவைதான். புல்லாங்குழலைத் 'தந்தியில்லா வாத்தியம்' என்று அழைப்பது மாதிரி.

மூலச் சொல்லிலும் மௌனம் கிடையாது. கிரேக்கத்தில் 'மிமோஸ்' என்றால் போலச் செய்பவர். ரோமானியர்களின் 'மிமுஸ்' நாடகத்தில் நடிகர்கள் முகமூடி இல்லாமல் வந்து வாய் நிறையப் பேசினார்கள்; பெண்களும் நடித்தார்கள். பேசாமல் ஆடியது 'பாந்தோமிமுஸ்'. ஒரே ஆள் முகமூடியை மாற்றி மாற்றி எல்லாப் பாத்திரங்களையும் ஆடுவார், கதையைப் பாடகர்கள் பாடுவார்கள். கதகளி பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தெரியாது. இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் காலத்தில் போடும் 'பான்டோமைம்' இன்னொரு கதை: பாட்டு, வசனம், கேலி, பார்வையாளர்களின் கூச்சல் என்று அரங்கமே அதிரும். ஆங்கில நாவலில் அந்தச் சொல்லைக் கண்டதும் 'ஊமை நாடகம்' என்று போட்டுவிட்டுப் போகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

பாரிஸில் இந்தக் கலை வாயை மூடிக்கொண்டதற்கு அழகியல் மட்டும் காரணம் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபுனாம்புல் போன்ற சிறு அரங்குகளுக்கு வசன நாடகம் போட உரிமம் கிடையாது. அங்கேதான் ழான் காஸ்பார் தெபுரோ (1796–1846) வெள்ளை முகமும் தொளதொள வெள்ளை அங்கியுமாகப் பியரோ என்ற கோமாளிப் பாத்திரத்தை வளர்த்தெடுத்தார். 1836இல், தெருவில் தன்னைக் கேலி செய்த ஒரு பையனைக் கைத்தடியால் அடிக்க, அவன் இறந்துபோனான். வழக்கு நடந்தது, தெபுரோ விடுதலையானார். அவர் குரல் எப்படி இருக்கும் என்று கேட்கவே நீதிமன்றத்தில் கூட்டம் கூடியதாகச் சொல்வார்கள். கதை உண்மையோ கட்டுக்கதையோ, ஆளைப் பற்றி நிறையச் சொல்கிறது. 1945இல் ஒரு பிரெஞ்சுப் படத்தில் ழான் லூயி பரோ இவராக நடித்த பிறகுதான் வெளியுலகில் பலருக்கு இவர் பெயர் தெரியவந்தது.

இனி மார்சோ. அவர் வேண்டாத இழை ஏது! 1923இல் ஸ்ட்ராஸ்பூர்கில் பிறந்தவர். தந்தை அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். போர்க்காலத்தில் யூதக் குழந்தைகள் எல்லை தாண்டித் தப்பிக்க உதவினார். 1947இல் 'பிப்' என்ற பாத்திரத்தை உருவாக்கினார். கோடு போட்ட சட்டை, நசுங்கிய தொப்பி, அதில் ஆடும் ஒரு சிவப்புப் பூ. காற்றை எதிர்த்து நடக்கும் காட்சியை எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். நான் முகமூடி செய்பவனின் காட்சியைத்தான் சொல்வேன். ஒவ்வொரு முகமூடியாக மாட்டிப் பார்க்கிறான். கை முகத்தைக் கடக்கும்போது சிரிப்பு, மறுபடி கடக்கும்போது அழுகை. வேகம் கூடிக்கொண்டே போகிறது. திடீரென்று சிரிக்கும் முகமூடி கழற்ற வராமல் ஒட்டிக்கொள்கிறது. இழுக்கிறான், முறுக்குகிறான், தரையில் விழுகிறான், தோள்கள் தளர்ந்து முதுகு வளைகிறது. முகம் மட்டும் இளித்துக்கொண்டே இருக்கிறது. கழுத்துக்கு மேலே ஒரு ஆள், கீழே வேறொரு ஆள். இதைப் பார்த்த பிறகு 'மௌனம்' என்ற சொல் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அங்கே நடப்பது பேச்சில்லாமை அல்ல, ஒரே உடம்புக்குள் இரண்டு பேரின் சண்டை.

(மேடைக்கு வெளியே மனிதர் நிறையப் பேசுவாராம். 1976இல் வந்த ஓர் அமெரிக்க மௌனப்படத்தில் பேசப்படும் ஒரே சொல் அவருடையது. அதுவும் 'முடியாது'!)

அவருக்கு ஆசான் எத்தியென் தெக்ரூ (1898–1991). மாணவர் அளவுக்கு ஆசான் பெயர் பரவவில்லை, ஆனால் கலைச்சொல் தேடுகிறவர்களுக்கு அவர்தான் முக்கியம். முகமும் கையும் எல்லாக் கதையையும் சொல்லிவிடுகின்றன, நடுவுடம்பு சும்மா நிற்கிறது என்பது அவர் குறை. அதனால் முகத்தைத் துணியாலோ முகமூடியாலோ மறைத்து, உடம்பை மட்டும் வேலை வாங்கினார். எல்லாரும் முகத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தபோது இவர் முகத்தையே எடுத்துவிட்டார்.

இங்கே எனக்குக் குறுந்தொகையின் 58ஆம் பாட்டு ஞாபகம் வருகிறது. வெள்ளிவீதியார் பாடியது. வெயில் காயும் பாறையில் வெண்ணெய் வைத்திருக்கிறது. காவலுக்கு இருப்பவன் 'கையில் ஊமன்'. கூப்பிடக் குரல் இல்லை, எடுக்கக் கை இல்லை. கண்ணால் மட்டும் காக்கிறான், வெண்ணெய் உருகிப் பரவுகிறது. காதல் நோய்க்குச் சொன்ன உவமைதான். ஆனால் நடிப்புப் பயிற்சிக்கு இதைவிடக் கடினமான பாடம் கொடுக்க முடியாது. தெக்ரூ முகத்தை எடுத்தார், வெள்ளிவீதியார் குரலையும் கையையும் எடுத்துவிட்டுக் கண்ணை மட்டும் விட்டுவைத்தார். கேரளத்தின் சமஸ்கிருத நாடகக் கலையான கூடியாட்டத்தில் மாணி மாதவ சாக்கியார் (1899–1990) இந்தக் கண்ணைத்தான் கடைசி வரைக்கும் கொண்டுபோனவர். விளக்குச் சுடரில் விட்டில்பூச்சி போய் விழுவதைக் கண்களாலேயே காட்டுவார். பூச்சி சுற்றுவது, நெருங்குவது, கருகுவது எல்லாம் அந்த இரண்டு விழிகளில். உடம்பு அசையாது.

> ஊமன், ஊமை என்று சங்க காலத்திலிருந்தே இருக்கிறதே. 'ஊமம்' என்று சொன்னால் என்ன?

இலங்கை நண்பர் எழுதியது. அவர் பக்கத்தில் வலு இருக்கிறது. அங்கே நாடகமும் அரங்கியலும் படிக்கிறவர்களிடம் 'ஊமம்' புழக்கத்தில் உள்ள சொல். குட்டையானது, 'ஊமக் கலைஞர்', 'ஊமக் காட்சி' என்று இணையும், வகுப்பறையில் தேறிவிட்டது. புழங்குகிற சொல்லைப் பிடுங்கிப் போட எனக்கு மனமில்லை. நம் கலைச்சொல் தொகுப்பில் 'ஊமம் (இலங்கை வழக்கு)' என்று கட்டாயம் வர வேண்டும். எனக்குத் தயக்கம் இரண்டு இடத்தில். 'ஊமை' என்று ஒருவரை அழைப்பதை இன்று நாகரிகமாக யாரும் எண்ணுவதில்லை. அதே வேரை ஒரு கலைக்கு வைத்தால் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். அப்புறம், மறுபடியும் அதே இன்மைதான்: பேச்சு இல்லை என்ற சேதி.

'சைகைக்கூத்து' வேண்டவே வேண்டாம். சைகைமொழி என்பது தனக்கென இலக்கணம் உள்ள மொழி. அதைக் கற்காதவருக்குப் புரியாது. மைம் யாருக்கும் கற்காமலே புரிய வேண்டும். இரண்டையும் ஒரே சொல்லில் கட்டினால் இரண்டுக்கும் அநியாயம்.

> சிலம்பிலேயே 'அவிநயம்' (அபிநயம்) இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

முதலில் நானும் இந்தப் பக்கம்தான் சாய்ந்தேன். அரங்கேற்று காதை உரையில் அடியார்க்குநல்லார் 24 அவிநயங்களைக் கொடுக்கிறார். வெகுண்டோன், ஐயமுற்றோன், சோம்பினோன், நாணமுற்றோன் என்பவை எதிர்பார்க்கக் கூடியவை. மற்றவற்றைப் பாருங்கள்: மழை பெய்யப்பட்டோன், பனித்தலைப்பட்டோன், வெயிற்றலைப்பட்டோன், உறங்கினோன், துயிலுணர்ந்தோன், கண்ணோவுற்றோன், தலைநோவுற்றோன், நஞ்சுண்டோன், செத்தோன். இதை அப்படியே எடுத்து ஒரு மைம் பள்ளியின் முதலாண்டுப் பாடத்திட்டமாக வைக்கலாம். தலைவலியும் கண்வலியும் தனித்தனி என்பதைக் கவனியுங்கள். இரண்டிலும் கை நெற்றிக்குத்தான் போகும், இரண்டிலும் முகம் சுருங்கும். பிறகு எப்படிப் பிரித்துக் காட்டுவது? கண்வலிக்காரன் வெளிச்சத்திலிருந்து முகத்தைத் திருப்புவான், இமைதான் முதலில் நடிக்கும். தலைவலிக்காரனுக்குக் கழுத்து இறுகும், ஓசை வந்த பக்கம் அவன் திரும்பவே யோசிப்பான். வசனம் இல்லாமல் பார்வையாளருக்கு இந்த வேறுபாடு போய்ச் சேர வேண்டும். நடுங்கும் மூவரும் அப்படித்தான்: பனியில் நடுங்குபவனும் மழையில் நனைந்து நடுங்குபவனும் அஞ்சி நடுங்குபவனும் ஒரே மாதிரி நடுங்கினால் நடிகரை மாற்ற வேண்டியதுதான்.

இவ்வளவு இருந்தும் 'அவிநயம்' ஒத்துவரவில்லை. அபிநயம் என்றதும் நம் காதில் நாட்டியம்தான் விழுகிறது, நாட்டியத்தில் பாட்டு உண்டு. அடியார்க்குநல்லார் சாந்திக் கூத்தின் வகையாகச் சொல்லும் அவிநயமும் பாட்டின் பொருளுக்குக் கை காட்டுவதுதான். பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியை இங்கே பலர் நினைவுகூர்ந்தீர்கள். ஒரே வரியை அவர் எத்தனை விதமாக விரித்தாலும் அந்த வரி பின்னால் ஒலித்துக்கொண்டே இருந்தது. மைம் கலைஞருக்கு அந்தக் கைத்தாங்கல் கிடையாது.

'மெய்' சேர்த்துப் பார்த்தவர்களுக்கு: மெய்க்கூத்து ஏற்கெனவே வேறொன்றின் பெயர். மெய்ப்பாட்டை, அதாவது உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதை, தொல்காப்பியர் எட்டாக வகுத்து வைத்துவிட்டார். 'மெய்ந்நடிப்பு' என்றால் உண்மையான நடிப்பு என்றுதான் பத்தில் ஒன்பது பேர் படிப்பார்கள், மற்றவர்கள் நடிப்பெல்லாம் பொய்யா என்று சண்டை வரும்.

என் முன்மொழிவு உடலாடல். உரை ஆடினால் உரையாடல், சொல் ஆடினால் சொல்லாடல், உடல் ஆடினால் உடலாடல். உரையாடலுக்கு எதிரே நிற்கும் சொல் என்பது கேட்டவுடனே விளங்குகிறது, இல்லாததை வைத்துப் பெயர் சொல்லவும் இல்லை. வினை கிடைக்கிறது: உடலாடினார், உடலாடிக் காட்டினார். ஆளுக்கு உடலாடுநர். 'நடனம் என்று நினைத்துவிடுவார்களே' என்றால், உரையாடலை யாரும் நடனம் என்று நினைப்பதில்லை. வேறு மாதிரி நினைத்துச் சிரிக்கிற கூட்டம் எந்தச் சொல்லுக்கும் சிரிக்கும், அவர்களை விடுங்கள்.

உட்சொற்கள்தான் எனக்கு அதிக மகிழ்ச்சி தந்தவை, ஏனென்றால் பாதி நம் வீட்டிலேயே இருக்கின்றன. இல்லாத சுவர், இல்லாத கயிறு, இல்லாத கோப்பை இவற்றுக்கெல்லாம் இல்பொருள். பள்ளிக்கூடத்தில் இல்பொருள் உவமையணி படித்த எவருக்கும் விளக்க வேண்டாம். அந்த இல்பொருளைப் பிடித்து வேலை செய்யும் கைக்குச் சிலம்பின் தொழிற்கை. அழகுக்குக் காட்டுவது எழிற்கை, தொழில் தோன்றக் காட்டுவது தொழிற்கை என்று உரை பிரிக்கிறது. பிரிவும் தயார், பெயரும் தயார்.

சுவர் எப்படி உண்டாகிறது என்று பாருங்கள். கை தளர்வாக முன்னே போகிறது, விரல்கள் லேசாக மடங்கியிருக்கின்றன. சுவரைத் தொடும் அந்த நொடியில் உள்ளங்கை சட்டென்று விரிந்து தட்டையாகி நிற்கிறது. அந்தச் சட்டென்ற வெட்டைத் தெக்ரூவின் மரபில் 'தொக்' என்பார்கள். நமக்குச் சொடுக்கு. அடுத்து, உடம்பு இடமோ வலமோ நகர்ந்தாலும் அந்தக் கை வெளியில் அதே புள்ளியில் நிற்க வேண்டும். ஒரு விரற்கடை நழுவினாலும் சுவர் இடிந்தது. இதற்கு நிலைப்புள்ளி. கையை எடுக்கும்போது விரல்கள் மறுபடி தளர்கின்றன. பலர் கோட்டை விடுவது இங்கேதான், விறைத்த கையோடேயே சுவரை விட்டு வருவார்கள். இல்லாத பாரத்தைத் தூக்க இடுப்பும் காலும் எதிர்ப்பக்கம் சாய்வது எதிர்ச்சுமை. இருந்த இடத்திலேயே நடப்பது நின்றநடை. பாரிஸில் நடிப்பு ஆசிரியர் ழாக் லெகாக் 1956இல் தொடங்கிய பள்ளியின் சொற்கள் வேறு வகை. அவற்றை இதோடு குழப்ப வேண்டாம், தனி இழை போடலாம்.

தொகுப்புக்கு நான் அனுப்ப நினைக்கும் பதிவு இது: 'உடலாடல் – சொல்லின் துணையின்றி, இல்பொருளையும் சூழலையும் பாத்திரத்தையும் உடலால் மட்டும் தோற்றுவிக்கும் மேடைக்கலை, மைம். இலங்கை வழக்கு: ஊமம்.' ரோமானிய வகையை 'பாந்தோமிமுஸ்' என்றும் இங்கிலாந்து வகையை 'பான்டோமைம்' என்றும் ஒலிபெயர்த்தே விட்டுவிடலாம். அவை வேறு கலைகள்.

வேறு சொல் வைத்திருப்பவர்கள் வெறும் பெயர்ச்சொல்லை மட்டும் அனுப்ப வேண்டாம். கீழே உள்ள வாக்கியத்தில் உங்கள் சொல்லைப் போட்டு எழுதி அனுப்புங்கள், எது நாக்கில் நிற்கிறது என்று பார்ப்போம்:

'முகம் மழிக்கும்போது வெட்டுப்பட்டவனை அவள் அப்படியே உடலாடிக் காட்டினாள். முன்வரிசைக்காரர் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.'