ஸ்னோபோர்டிங்கை ஆரம்பித்தது யார்? ஒலிம்பிக்கிற்கு வர ஏன் 1998 வரை ஆனது?

குளிர்ரசிகன்:
குளிர்கால ஒலிம்பிக் பழைய வீடியோக்களை ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஸ்கீ போட்டிகள் 1924-லிருந்தே இருக்கின்றன, ஆனால் ஸ்னோபோர்டு (இரண்டு காலையும் ஒரே பலகையில் வைத்துப் பனியில் சறுக்குவது) 1998-ல் ஜப்பானின் நாகானோவில்தான் முதல்முறையாகத் தலைகாட்டுகிறது. ஒரு பக்கம் ஜேக் பர்ட்டன் கண்டுபிடித்தார் என்கிறார்கள், இன்னொரு பக்கம் டாம் சிம்ஸ் என்கிறார்கள், முதலில் அது குழந்தைகள் பொம்மை என்று வேறு ஒருவர் எழுதியிருந்தார். எது சரி? அமெரிக்காவில் சில மலைகளில் இன்றைக்கும் ஸ்னோபோர்டை உள்ளே விடுவதில்லையாமே, அது ஏன்?

பலகைப்பித்தன்:
பொம்மைக் கதை உண்மைதான். 1965 கிறிஸ்துமஸ் அன்று மிச்சிகன் மாநிலம் மஸ்கீகனில் ஷெர்மன் பாப்பன் என்பவர் மகள்களுக்கு விளையாட்டுக் காட்ட இரண்டு ஸ்கீக்களைச் சேர்த்து இணைத்தார். மனைவி அதற்கு ஸ்னர்ஃபர் என்று பெயர் வைத்தார். பிரன்ஸ்விக் நிறுவனம் அதைத் தயாரித்து லட்சக்கணக்கில் விற்றது. காலை மாட்ட ஒன்றும் கிடையாது, பலகையின் மூக்கில் ஒரு கயிறு கட்டியிருக்கும், அதை லகான் மாதிரி பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இதை வைத்து மஸ்கீகனில் வருடாவருடம் போட்டி நடந்தது. 1979-ல் மிச்சிகனிலேயே கிராண்ட் ரேபிட்ஸ் அருகே நடந்த போட்டிக்கு வெர்மான்ட்டிலிருந்து ஜேக் பர்ட்டன் கார்பென்டர், தானே செய்த, காலை இறுக்கிப் பிடிக்கும் பைண்டிங் வைத்த பலகையோடு வந்தார். மற்றவர்கள் விடுவார்களா, இது ஸ்னர்ஃபரே இல்லை என்று ஆட்சேபித்தார்கள். கடைசியில் அவருக்காகவே தனிப் பிரிவு ஒன்று திறந்தார்கள், அதில் அவர் ஜெயித்தார். என்னைக் கேட்டால் பொம்மை விளையாட்டாக மாறிய இடம் அந்தப் பைண்டிங்தான், கால் பலகையோடு கட்டுப்பட்ட பிறகுதான் அதைத் திருப்பவே முடிந்தது.

சிம்ஸ் 1963-லேயே நியூஜெர்சியில் பள்ளி மர வேலை வகுப்பில் ஒன்று செய்திருந்தார், மேலே கார்ப்பெட் துண்டு, அடியில் அலுமினியத் தகடு. அப்புறம் யூட்டாவில் டிமிட்ரி மிலோவிச் 70-களில் விண்டர்ஸ்டிக் என்ற பெயரில் ஆழமான பனிக்கென்றே பலகை செய்தார், அவரை யாரும் பேசுவதே இல்லை. துருக்கியின் ரிசே மலைக் கிராமங்களில் அதற்கெல்லாம் முன்பிருந்தே பலகையில் நின்று, கையில் கயிறும் குச்சியுமாகச் சறுக்குகிறார்கள். அதனால் ஒரே ஒரு பெயரைச் சொல்லச் சொன்னால் நான் சொல்ல மாட்டேன்.

மேட்டுத்தெரு:
மேலே உள்ளதோடு ஒன்று சேர்க்கிறேன். 80-களின் ஆரம்பத்தில் பெரும்பாலான ஸ்கீ மலைகள் ஸ்னோபோர்டு ஆட்களை, மலை மேலே தூக்கிச் செல்லும் லிஃப்டில் ஏற்றவே இல்லை. காப்பீட்டுப் பிரச்சினை ஒன்று, ஆனால் அது மட்டும் இல்லை. ஆரம்பகாலப் பலகைகளுக்கு ஓரத்தில் எஃகு விளிம்பு கிடையாது, ஆழமான பனியில் மிதக்கும், ஆனால் லிஃப்ட் உள்ள மலைகளில் அழுத்திவிட்ட கெட்டிப் பனியில் பிடிப்பே இருக்காது. எஃகு விளிம்பும், குதிகாலுக்குப் பின்னால் உயரமாக நிற்கும் ஹைபேக் பைண்டிங்கும் வந்த பிறகுதான் குதிகால் பக்கம் சாய்ந்து ஒழுங்காகத் திரும்ப முடிந்தது. வெர்மான்ட்டின் ஸ்ட்ராட்டன் மாதிரி பெரிய மலைகள் 1983 வாக்கில் கதவைத் திறந்தன. அப்போதும் பல இடங்களில் திரும்பிக் காட்டு, நின்று காட்டு என்று பரிட்சை வைத்து, தேறினால் அட்டை கொடுத்துத்தான் லிஃப்டில் விடுவார்கள், ஸ்கீ போட்டு வருகிறவன் விழுந்து புரண்டாலும் அவனிடம் யாரும் அட்டை கேட்டதில்லை!

வடதுருவம்:
ஒலிம்பிக் விஷயத்துக்கு வருகிறேன், சுவாரசியமான பகுதியே அதுதான். இந்த ஆட்டக்காரர்கள் தங்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. 1983-ல் சிம்ஸ் கலிஃபோர்னியாவின் சோடா ஸ்பிரிங்ஸில் நடத்திய உலகப் போட்டியில் ஹாஃப்பைப்பை (பாதிக் குழாய் மாதிரி வளைந்த பனிப் பள்ளத்தில் ஏறித் தாவி வித்தை காட்டுவது) சேர்த்தபோது, பர்ட்டன் அணியினர் அதெல்லாம் ஒரு போட்டியா என்று முறுக்கிக்கொண்டார்கள். அமெரிக்காவின் கிழக்கே பர்ட்டன் பக்கம் வேகப் பந்தயம், மேற்கே சிம்ஸ் பக்கம் ஸ்கேட்போர்டு பாணி வித்தை. கடைசியில் உலகம் பார்க்கிறது ஹாஃப்பைப்பைத்தான்.

1990-ல் ஐஎஸ்எஃப் என்று தங்களுக்கென்று சங்கம் அமைத்தார்கள், உலகக் கோப்பையெல்லாம் நடத்தினார்கள். ஆனால் ஒலிம்பிக் கமிட்டி பொறுப்பைத் தூக்கி ஸ்கீ சங்கமான எஃப்ஐஎஸ்ஸிடம் கொடுத்துவிட்டது. லிஃப்டில் ஏற்றாதவர்களின் வீட்டிலேயே போய்க் குடியிருக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? அந்தக் காலத்தில் ஹாஃப்பைப்பில் கொடிகட்டிப் பறந்த நார்வேயின் டெர்யே ஹாகன்சன் நாகானோவுக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஜெயிக்க வாய்ப்பு அதிகமுள்ள ஆளே போகவில்லை. ஐஎஸ்எஃப் 2002-ல் கடையைக் கட்டியது.

நாகானோவிலும் ரகளைதான். ஜெயன்ட் ஸ்லாலமில் (கம்பங்களைச் சுற்றி வளைந்து இறங்கும் பந்தயம்) கனடாவின் ராஸ் ரெபாக்லியாட்டி முதல் தங்கம் வாங்கினார், சோதனையில் கஞ்சா தடயம் என்று பதக்கத்தைப் பிடுங்கினார்கள், அப்பீலில் தடைப் பட்டியலிலேயே கஞ்சா முறையாக இல்லை என்று தெரிந்து திருப்பிக் கொடுத்தார்கள். ஸ்னோபோர்டு ஆட்கள் என்றாலே இப்படித்தான் என்று பேசியவர்களுக்கு அது நல்ல தீனி.

குளிர்ரசிகன்:
அருமை, எல்லோருக்கும் நன்றி. அப்படியானால் பிரபலமானது எப்போது? அமெரிக்காவின் ஷான் வைட் வந்த பிறகா?

வடதுருவம்:
அவருக்கு முன்னாலேயே. 2002 சால்ட் லேக்கில் ஆண்கள் ஹாஃப்பைப்பில் மூன்று பதக்கமும் அமெரிக்காவுக்கே போனது, அன்றிலிருந்து அங்கே டிவியில் இதற்குத் தனி மவுசு. ஷான் வைட் அதன்மேல் 2006, 2010, 2018 என்று மூன்று தங்கம் அடுக்கினார். அப்புறம் ஸ்னோபோர்டு கிராஸ் (பலர் சேர்ந்து இறங்கும் பந்தயம்), ஸ்லோப்ஸ்டைல் (தடைகள் வைத்த சரிவில் வித்தை), பிக் ஏர் (ஒரே பெரிய தாவல்) என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள். கிராஸில் அமெரிக்காவின் லிண்ட்சி ஜேகபெல்லிஸ் கதையைத் தேடிப் பாருங்கள். 2006-ல் தங்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது ஸ்டைல் காட்டப்போய் விழுந்து வெள்ளியோடு திரும்பியவர், 2022 பெய்ஜிங்கில் 36 வயதில் தங்கம் வாங்கினார்.

பலகைப்பித்தன்:
தடை பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. யூட்டாவில் ஆல்டா, டியர் வேலி, வெர்மான்ட்டில் மேட் ரிவர் கிளென், இந்த மூன்றும்தான் பாக்கி. நியூ மெக்சிகோவின் டாவோஸ்கூட 2008-ல் இறங்கி வந்துவிட்டது. ஆல்டா இருப்பது அரசு வன நிலம், எங்களுக்கு மட்டும் எப்படி மறுக்கலாம் என்று 2014-ல் சிலர் வழக்குப் போட்டார்கள். அது தனியார் கம்பெனி எடுத்த முடிவு, அரசு செய்ததல்ல என்று 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கைவிரித்துவிட்டது. வாடிக்கையாளர்களில் பலர் அந்தத் தடைக்காகவே அங்கே போகிறார்கள், அதனால் ஆல்டா அதை எடுக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.