ஓதிக்கொடுத்த லாத்தாவை நினைவிருக்கிறதா?

தஞ்சோங் பகார் பொண்ணு:
சிங்கப்பூர் தஞ்சோங் பகார் பிளாசா பக்கம் இருந்தவர்களுக்கு, பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்த லாத்தாவை (அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) தெரியாமல் இருக்காது. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு குர்ஆன், அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு கணக்கும் தமிழும். காசு வாங்கமாட்டார்.

உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் ஓ லெவல் தேர்வு முடிவு வந்ததும் என் அத்தா, "போதும், தையல் பழகட்டும்" என்றுவிட்டார். மறுநாள் லாத்தா வந்தார். அம்மா தேத்தண்ணி வைத்தார், லாத்தா தொடவில்லை. என் மதிப்பெண் தாளை மேசையில் விரித்து, அத்தா பக்கம் திருப்பி வைத்து, "இதுல எது குறைச்சல், சொல்லுங்கண்ணே" என்றார். அத்தா வாயே திறக்கவில்லை. தேத்தண்ணியில் ஆடை படிந்துவிட்டது. கடைசியில், "சரி, ரெண்டு வருஷம் படிக்கட்டும்." அப்புறம்தான் லாத்தா கோப்பையை எடுத்து, ஆறிப்போனதை ஒரே மூச்சில் குடித்தார்.

இன்னும் எத்தனை வீட்டில் இப்படிப் போய் உட்கார்ந்தாரோ!

கடையநல்லூர் பேரன்:
நானும் அவரிடம் ஓதியவன்தான். நோன்புக் கஞ்சி வாங்கித் திரும்பும்போது வழிமறித்து ஒன்பதாம் வாய்ப்பாடு கேட்பார். தூக்குச்சட்டி காலைச் சுடும், முடிக்காமல் விடமாட்டார்.

ஆனால் சகோதரி, எல்லா அத்தாமாரையும் ஒரே தராசில் நிறுத்தாதீர்கள். 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியதே, தமிழ்நாட்டுக் கடையநல்லூரிலிருந்து இங்கே வந்தவர்களின் சங்கமான கடையநல்லூர் முஸ்லிம் லீக்தான். 1982இல் மூடும்வரை நம் ஆட்களின் உழைப்பு அதில் இருந்தது. என் சாச்சி அங்கே படித்தவர்.

நூர்:
பள்ளியில் சேர்ப்பது வேறு, மேலே படிக்க விடுவது வேறு. தலாக் ஆகி மூன்று பிள்ளைகளோடு நின்ற என் பாட்டி, என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் ரேகை வைத்தார். விரல் மையைச் சேலையில் துடைத்ததை இன்றும் சொல்வார். கதிஜுன் நிஸா சிராஜ் போன்ற பெண்கள் 1952இல் முஸ்லிம் இளம் பெண்கள் சங்கம் தொடங்கிப் போராடியது இதற்காகத்தான். முஸ்லிம்களின் திருமண, மணமுறிவு வழக்குகளை விசாரிக்கும் ஷரியா நீதிமன்றம் 1958இல் சும்மா வந்துவிடவில்லை, தம்பி.

மசாலா வீட்டுப் பேத்தி:
என் பாட்டி அம்மியில் மசாலா அரைத்து வீடு வீடாக விற்றவர். அம்மாவின் பள்ளிப் புத்தகங்கள் அந்தக் காசில் வாங்கியவை. ஓரமெல்லாம் மஞ்சள் கறை.

சண்டை இருக்கட்டும், வீட்டுப் பெரியவர்களின் பேச்சை இப்போதே பதிவு செய்யுங்கள். "உங்க கதையைச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தால் "எனக்கென்ன கதை" என்று எழுந்துவிடுவார்கள். "பக்கத்து அம்மியில் யார் அரைச்சாங்க?" என்று கேளுங்கள், தானாக வரும். நடுவில் திருத்தாதீர்கள். பழைய படங்களின் பின்னால் பென்சிலில் பெயர் எழுதுங்கள், பேனா வேண்டாம், மை ஊறும். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று மையம் 1979 முதல் பேட்டிகள் எடுத்துவருகிறது. தமிழ்ப் பேட்டிகளும் உண்டு. எப்படிக் கேள்வி கேட்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். லாத்தாவிடம் ஓதியவர்கள் ஆளுக்கொரு பக்கம் எழுதுங்கள். ஆண்டு நினைவில்லை என்றால், எந்தப் பெருநாளுக்கு முன், எந்தக் கல்யாணத்துக்குப் பின் என்று போட்டாலும் போதும்.