கட்சிக்குள்ளேயே மறுத்துப் பேசணும், வழி சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். நான் கொடுங்கையூர். 19 வருஷமா ஒரே கட்சி. பூத் வேலை, நோட்டீஸ், சுவர் எழுத்து எல்லாம் பார்த்தவன். கட்சி பேர் இங்கே வேண்டாம்.

குப்பைமேட்டுல எரிஉலை வரக்கூடாதுங்கறது என் கருத்து. நம்ம குப்பையில பெரும்பங்கு ஈரமான சாப்பாட்டுக் கழிவு, அது லேசுல எரியாது. கூடவே பிளாஸ்டிக் எரிஞ்சா டையாக்சின்ங்கிற விஷப்பொருள் வரும், நச்சுச் சாம்பலும் மிஞ்சும். ஏற்கெனவே மணலி, எண்ணூர் புகையில கிடக்கிற ஜனங்க நாங்க. எங்க வட்டச் செயலாளர் அண்ணனோ, "மேலிடம் முடிவு பண்ணிட்டாங்க, நீ வாயைத் திறக்காதே"ங்கிறார். கையைப் பிடிச்சு எனக்கு அரசியல் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். ரெண்டு நாளா தூக்கமில்லை.

1947 ஆகஸ்ட் 15ஐப் பெரியார் துக்க நாள்னார். அண்ணா ஏத்துக்கலை, வெளிப்படையாவே எழுதினார். ஆனா உடனே வெளியேறலை. புதுக் கட்சியோட தொடக்கக் கூட்டம் நம்ம ராயபுரம் ராபின்சன் பூங்காவில நடந்தது 1949லதான். எனக்கும் கட்சியை விட்டுப் போற எண்ணம் துளியும் இல்லை.

வர்ற ஞாயிறு வட்டக் கூட்டம். மாற்றுக் கருத்தை எழுத்துல கொடுத்து, மினிட் புக்ல பதிய வெச்ச அனுபவம் யாருக்காவது இருக்கா? பகுதிச் செயலாளருக்கும் நகல் அனுப்பணுமா? திடக்கழிவு பத்தித் தெரிஞ்சவங்க என் ரெண்டு பக்க வரைவைத் திருத்தித் தந்தா பெரிய உதவி. அதைவிட முக்கியம்: கூட்டத்துக்கு முன்னாடியே அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிடறதா, வேண்டாமா?