.243-ல் 105 கிரெய்ன் மட்டும் சிதறுகிறது, துளையும் நீளமாக விழுகிறது. ஸ்கோப்பா, குழலா?

கிப்ஸ்லேண்ட்காரன்:
வணக்கம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் இருக்கிறேன். பண்ணைகளில் நரி, முயல் சுடவும், சீசனில் ஃபேலோ மானுக்குப் போகவும் ஒரே ரைபிள் போதும் என்று பழைய போல்ட் ஆக்‌ஷன் .243 வின்செஸ்டர் (.243 இன்ச் விட்டக் குண்டு போடும் ரைபிள்) ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன்.

58 கிரெய்ன் (கிரெய்ன் என்பது குண்டின் எடைக் கணக்கு) பிளாஸ்டிக் முனைக் குண்டு 100 மீட்டரில் ஒரு இன்ச்சுக்குள் நிற்கிறது. 100 கிரெய்ன் சாஃப்ட் பாயின்ட் (மூக்கில் ஈயம் தெரியும் குண்டு) ஒன்றரை இன்ச். குறையே இல்லை. தூரத்தில் காற்று குறைவாகத் தள்ளும் என்று சொன்னார்களே என்று 105 கிரெய்ன், நீள மூக்கு, போட் டெயில் (பின்பக்கம் குறுகியது) பெட்டி ஒன்று வாங்கினேன். அதில்தான் வினை. குரூப் (துளைகள் விழும் பரப்பு) சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரிகிறது. ஒரு துளை வட்டமாக இருக்கிறது. அடுத்தது அவரை விதை மாதிரி நீளமாக, ஒரு ஓரத்தில் கருப்புத் தீற்றலோடு. குளிர்காலக் காலையில் இன்னும் மோசம். பிப்ரவரி வெயிலில் சுட்டபோது பாதிக்கு மேல் வட்டமாகத்தான் விழுந்தது.

ஸ்கோப் ரிங், ஆக்‌ஷன் ஸ்க்ரூ எல்லாம் சரியான இறுக்கத்தில் இருக்கின்றன. செம்புப் படிவு போக ஒருமுறை நன்றாகத் துடைத்தும் பார்த்துவிட்டேன். கடைக்காரர் "ஸ்கோப் போச்சு, புதுசு போடுங்க" என்கிறார். போடலாமா?

முயல்வேட்டை:
பழைய ரைபிள் என்கிறீர்கள். .243 குழலின் தொண்டையை, அதாவது குண்டு குழலுக்குள் நுழையும் இடத்தை, சீக்கிரம் தின்றுவிடும். .308 ரவுண்டின் பித்தளைக் கூடு நிறைய மருந்தை 6 மில்லிமீட்டர் ஓட்டை வழியாகத் தள்ளுகிறதே. 1500-லிருந்து 2500 ரவுண்டுக்குள் நேர்த்தி குறைய ஆரம்பிக்கும் என்று பலர் சொல்வார்கள். போர்ஸ்கோப் (குழலின் உள்ளே பார்க்கும் கருவி) விட்டுப் பாருங்கள்.

பழையமரை:
ஸ்கோப்பும் இல்லை, தொண்டையும் இல்லை தம்பி. இரண்டில் எது போயிருந்தாலும் 58-உம் சேர்ந்து சிதறும். அது ஒரு இன்ச்சில் நிற்காது. கடைக்காரர் பேச்சைக் கேட்டுக் காசை விடாதீர்கள். நீளத் துளைக்கு அர்த்தம் ஒன்றுதான்: குண்டு பக்கவாட்டில் திரும்பிப் பறக்கிறது. சுழற்சி போதவில்லை.

குழலின் மரை (குண்டைச் சுழற்ற உள்ளே வெட்டிய சுருள் பள்ளம்) எத்தனை இன்ச்சுக்கு ஒரு சுற்று என்று அளந்து பாருங்கள். ரைபிள் காலியா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு போல்ட்டைக் கழற்றுங்கள். கைப்பிடி தானாகச் சுழலும் கிளீனிங் ராடில் இறுக்கமான துணியை மாட்டி, பின்பக்கமாகக் குழலுக்குள் கொஞ்சம் தள்ளுங்கள். ராடின் மேல்பக்கம் டேப்பில் ஒரு கோடு. அப்புறம் மெதுவாகத் தள்ளுங்கள். கோடு ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபடி மேலே வரும்வரை ராட் எத்தனை இன்ச் உள்ளே போனது? அதுதான் ட்விஸ்ட். துணி வழுக்கினால் கணக்கு தப்பும், ஆகவே மூன்று தடவையாவது செய்யுங்கள்.

பழைய .243 என்றால் 10 இன்ச் என்று வரும், பந்தயம் கட்டலாம்.

எல்லோரும் எடையைப் பார்க்கிறார்கள். மரை பார்ப்பது நீளத்தை. 1879-ல் கிரீன்ஹில் என்ற கணக்கு வாத்தியார் போட்ட சூத்திரம் இன்றைக்கும் தோராயமாக உதவும். வேகமான ரைபிளுக்கு 180-ஐ குண்டின் விட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கி, நீளத்தால் வகுக்க வேண்டும். .243-க்குப் பெருக்கி வருவது எப்போதும் 10.6 தான். சாதாரண 100 கிரெய்ன் சாஃப்ட் பாயின்ட் ஏறக்குறைய ஒரு இன்ச் நீளம். 10 இன்ச் மரை தாங்கிவிடும். ஊசி மூக்கு 105 ஒன்று 1.2 இன்ச்சைத் தாண்டும். வகுத்தால் 8.9-க்கும் கீழே வருகிறது. 10 இன்ச் குழலில் அது எப்படி நேராகப் போகும்? குளிரில் காற்று அடர்த்தி கூடும், தள்ளாடும் குண்டு இன்னும் தள்ளாடும். நீங்கள் சொன்ன பிப்ரவரி விஷயம் இதோடு பொருந்துகிறது.

இதே ட்விஸ்ட் தகராறுதான் .243-ஐ இவ்வளவு பிரபலமாக்கியது. 1955-ல் வின்செஸ்டர் இதைக் கொண்டுவந்த அதே வருடம் ரெமிங்டன் .244 என்று ஒன்றை இறக்கியது. குண்டின் விட்டம் ஒன்றே, கூடு கொஞ்சம் பெரியது. ஆனால் ரெமிங்டன் மனதில் சின்னப் பிராணிகள்தான். 12 இன்ச் மரை போட்டார்கள். வாங்குபவனுக்கோ நரிக்கும் மானுக்கும் ஒரே துப்பாக்கி வேண்டும். வின்செஸ்டரின் 10 இன்ச் 100 கிரெய்னைத் தாங்கியது, சந்தை அந்தப் பக்கம் போனது. பின்னால் ரெமிங்டன் 9 இன்ச்சுக்கு மாற்றி, 1963-ல் 6எம்எம் ரெமிங்டன் என்று பெயரையும் மாற்றிப் பார்த்தது. விட்டதைப் பிடிக்க முடியவில்லை. கூட்டைப் பார்த்தால் எனக்கு .244 தான் பிடிக்கும், அது வேறு கதை.

தூரக்குறி:
8 இன்ச் மரையில் புதுக் குழல் போடுங்கள். இல்லையென்றால் 6எம்எம் க்ரீட்மோர் ரைபிள் வாங்குங்கள், அது நீளக் குண்டுக்காகவே பிறந்தது.

பழையமரை:
200 மீட்டர் நரிக்கு எதற்கு ஐயா புதுக் குழல்? 600, 800 மீட்டரில் இரும்புத் தட்டு அடிப்பவருக்கு உங்கள் யோசனை சரி. புதருக்குள் ஃபேலோ தேடுபவருக்கு 100 கிரெய்ன், நொடிக்கு 2960 அடி, போதும் போதும்.

முயல்வேட்டை:
அப்படியானால் 58 ஒன்றையே எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ளலாமே?

பழையமரை:
கூடாது. விக்டோரியாவில் ஃபேலோவுக்குக் குறைந்தது .243 காலிபர், 80 கிரெய்ன் வேண்டும் என்பது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் வேண்டாம். நொடிக்கு 3900 அடியில் போகும் அந்த மெல்லிய குண்டு நரியில் பட்டதும் உள்ளேயே உடைந்துவிடும். மானின் தோள் எலும்பில் பட்டால் மேலேயே சிதறி, காயத்தோடு மான் ஓடிவிடும்.

ஈயமில்லாத செம்புக் குண்டு வாங்கினாலும் கவனம். செம்பு லேசான உலோகம், அதே எடைக்கு நீளம் கூடும். 80, 85 கிரெய்னில் நில்லுங்கள். பெட்டியில் 10 இன்ச் மரைக்கு ஆகும் என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

கிப்ஸ்லேண்ட்காரன்:
அளந்துவிட்டேன். முதல் தடவை வழுக்கியது; அப்புறம் எல்லாம் 10 இன்ச்சை ஒட்டியே வந்தது. ஸ்கோப் வாங்குவதாக இல்லை. ஒரு சந்தேகம்: 58-உம் 100-உம் ஒரே இடத்தில் அடிக்கவில்லை. 100 மீட்டரில் 58 இரண்டு இன்ச் மேலே, கொஞ்சம் இடப்பக்கம். ஒவ்வொரு தடவையும் ஸ்கோப்பைத் திருப்பவா?

பழையமரை:
மானுக்குக் குறி தவறக்கூடாது, அதனால் 100 கிரெய்னுக்கு ஜீரோ செய்து (குண்டு விழும் இடத்தில் ஸ்கோப் குறியை வைத்து) அப்படியே விடுங்கள். 58 எங்கே விழுகிறது என்று 50, 100, 150, 200 மீட்டரில் காகிதத்தில் சுட்டு, சீட்டு எழுதி ஸ்டாக்கில் ஒட்டுங்கள். இரண்டு இன்ச் மேலே என்றால் நரிக்குக் கொஞ்சம் கீழே பிடித்தால் முடிந்தது. பெட்டி மாறினால், அதே பிராண்டாக இருந்தாலும், மறுபடி காகிதம்.

கிப்ஸ்லேண்ட்காரன்:
சரி அண்ணே, ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சுக்குப் போகிறேன். மீதி 105-ஐ என்ன செய்வது?

பழையமரை:
வேட்டைக்கு மட்டும் எடுத்துப் போகாதீர்கள். 8 இன்ச் குழல் வைத்திருப்பவருக்குத்தான் அது பயன்படும். கைமாற்றும் முன் உங்கள் ஊர் லைசென்ஸ் விதி என்ன என்று டீலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.