மதுரையில் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் மட்டும் மாற்றித் தரும் கடை தெரியுமா?

பழைய பிளாஸ்டிக் பிரேமிலேயே புது லென்ஸ் போட வேண்டும். பவர் இரண்டு கண்ணிலும் மைனஸ் 5.50, சிலிண்டர் (சிதறல் பார்வைக்கான பவர்) மைனஸ் 1.25, ஆக்சிஸ் (அந்தப் பவர் நிற்க வேண்டிய கோணம்) வலது 170, இடது 10. பிரேம் காம்பின் உள்பக்கம் 48-20 (லென்ஸ் அகலமும் மூக்குப் பால இடைவெளியும், மி.மீ.) என்று இருக்கிறது. 1.50 இன்டெக்ஸ் (இந்த எண் கூடக் கூட லென்ஸ் மெலிதாகும்) போட்டால் ஓரம் சோடாபுட்டிதான், அதனால் 1.60 போதும் என்று நினைக்கிறேன். 1.67-க்குக் கூடுதல் காசு தேவையா?

மருத்துவர் சீட்டில் பி.டி. (இரு கண்மணிகளுக்கு இடையேயான தூரம்) இல்லை. கடையில் மில்லிமீட்டர் கணக்கில் அளந்து எழுதித் தர வேண்டும். இந்தப் பவருக்கு அது பிசகினால் லென்ஸ் மையம் கருவிழிக்கு நேரே நிற்காது, தலைவலிதான் மிச்சம். ஆக்சிஸ் சற்றுத் திரும்பினாலும் எழுத்து நிழலாடும். டெலிவரியின்போது லென்ஸோமீட்டரில் (லென்ஸின் பவரை அளக்கும் கருவி) வைத்துக் காட்டும் கடையா?

லென்ஸ் பொருத்தச் சூடுகாட்டும்போது பழைய பிரேம் விரிசல் விட்டால் யார் பொறுப்பு என்பதையும், ஆன்டிகிளேர் (ஒளிப் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு) சேர்த்து ஜோடி என்ன விலை என்பதையும் சொல்லுங்கள்.