மறுமொழி: "நடுநிலை மேற்கோள்" வேண்டாம், "தீர்ப்பெண்" போதும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். நம் சட்டக் கலைச்சொல் பட்டியலைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ஆங்கிலத்தில் "நியூட்ரல் சைடேஷன்". "நடுநிலை மேற்கோள்" என்று பட்டியலில் ஏற்றிவிடலாமா?

ஏற்ற வேண்டாம் என்பது என் கருத்து. நீதிமன்றத்தைப் பற்றிப் பேசும்போது நடுநிலை என்றால், நீதிபதி ஒரு பக்கம் சாயாதிருப்பதுதான் நினைவுக்கு வரும். மேற்கோள் என்றால் பிறர் சொன்னதை எடுத்துக்காட்டும் வரி. இங்கே இரண்டும் இல்லை. இது நீதிமன்றம் தன் தீர்ப்புக்குத் தானே இடும் எண்.

கேசவானந்த பாரதி வழக்கின் தீர்ப்பை ஒரு வழக்கறிஞர் "(1973) 4 எஸ்.சி.சி. 225" என்று குறிப்பார். இன்னொருவர் "ஏ.ஐ.ஆர். 1973 எஸ்.சி. 1461" என்பார். இரண்டும் ஒரே தீர்ப்பு. அந்த எண்களோ தனியார் பதிப்பகங்கள் வெளியிடும் தொகுதிகளின் பக்கங்களைக் காட்டுபவை. எதிர்த்தரப்பு மனுவில் இப்படியொரு எண்ணைப் பார்க்கும் சாதாரண மனுதாரர் அந்தத் தொகுதிக்கு எங்கே போவார்? நாட்டின் சட்டத்தையே நிர்ணயிக்கும் தீர்ப்புக்கு முகவரி சந்தாதாரரிடம் மட்டும் இருப்பது முறையல்ல.

இங்கிலாந்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001 ஜனவரியில் தன் தீர்ப்புகளுக்குத் தானே எண்ணிடத் தொடங்கியது. நம் உச்ச நீதிமன்றம் 2023-இல் தொடங்கியது. தேர்தல் பத்திரங்களை ரத்து செய்த தீர்ப்பின் எண் 2024 ஐ.என்.எஸ்.சி. 113 (2024 INSC 113). ஆண்டு, நீதிமன்றக் குறி, வரிசை எண், அவ்வளவே. எந்தப் பதிப்பகத்தையும் சாராதது என்பதால்தான் ஆங்கிலத்தில் "நியூட்ரல்" என்றார்கள்.

ஆகவே "தீர்ப்பெண்". வழக்கெண் என்ற சொல் நீதிமன்ற வளாகத்தில் ஏற்கெனவே புழங்குகிறது; அதற்கு இணையாக இது தானாக வந்து உட்காரும். வழக்கெண் மனு தாக்கலாகும்போது கிடைப்பது, தீர்ப்பெண் முடிவு வந்தபின் கிடைப்பது. பல மனுக்களை ஒன்றாக விசாரித்து ஒரே தீர்ப்பு வழங்கும்போது வழக்கெண்கள் பலவாக இருக்கும், தீர்ப்பெண் ஒன்றுதான். இந்த வேறுபாட்டைச் சொல்லே காட்டிவிடுகிறது.

> எழுதிப் பார்த்தால் "பெண்" என்ற இடத்தில் கண் நிற்கிறதே?

மதிப்பெண்ணில் யாருக்கும் நிற்பதில்லை. பழகிவிடும்.

> "பதிப்புசாராத் தீர்ப்பெண்" என்றால் மூலப்பொருள் முழுமையாக வருமே, அம்மா?

வரும், ஐயா. ஆனால் வாயில் நிற்காது. நீதிமன்றம் இடுவதே இயல்பான எண். அதற்கு ஏன் அடைமொழி? பதிப்பகத்தார் இடுவதைத்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். அதற்குத் "தொகுப்புச் சுட்டு" என்று வைத்துக்கொள்ளலாம். இதைவிட நல்ல சொல் இருந்தால் தாருங்கள், விட்டுக்கொடுக்கிறேன். தீர்ப்பெண்ணை மட்டும் விட மனமில்லை.

கூடவே "பத்தியெண்" என்பதையும் பட்டியலில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். பக்க எண் அச்சிட்டவரைப் பொறுத்து மாறும். நீதிமன்றமே தீர்ப்பில் இட்ட பத்தியெண் மாறாது. இதில் ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் டி.பி. மோடக் வழக்கில், தீர்ப்பின் மூலப்பாடம் யாரும் பயன்படுத்தக்கூடிய பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரில் சொன்னது. ஆனால் பதிப்பாசிரியர்கள் அதைப் பத்தி பிரித்து எண்ணிட்ட உழைப்புக்குப் பதிப்புரிமை உண்டு என்றும் சொன்னது. நீதிமன்றமே பத்திகளுக்கு எண் கொடுத்துவிட்டால் தனியார் எண்ணை யாரும் நாட வேண்டியதில்லை. விளக்கக் குறிப்பில் இதை ஒரு வரியாவது சொல்ல வேண்டும்.

> "ஐ.என்.எஸ்.சி." என்ற குறியையும் தமிழாக்கி "இ.உ.நீ." என்று எழுதலாமா?

கூடாது. மற்ற எல்லாவற்றையும் தமிழில் சொல்வோம். இந்தக் குறியை மட்டும் மாற்றினால் எண் செத்துவிடும். உச்ச நீதிமன்றத் தளத்தின் தேடுபெட்டிக்கு INSC என்ற அந்த நான்கு எழுத்துதான் தெரியும். தமிழ்க் கட்டுரையில் தீர்ப்பெண்ணைப் படிப்பவர் அதை அப்படியே எடுத்து அங்கே இட்டுத் தேட வேண்டும், தீர்ப்பு முழுவதும் காசில்லாமல் அவருக்குக் கிடைக்க வேண்டும்.

அன்புடன்.